24-12-6: கண்குழி உள்சுவரின் துளைகளை எண்களை வைத்துத் தேடலாமா?

இரண்டாமாண்டு பிஜி

எல்லோருக்கும் வணக்கம். இஎன்டி முதுநிலை படிக்கிறேன். கண்குழியின் உள்சுவரில், எத்மாய்டல் தமனிகள் மூக்குப் பக்கம் போகும் எத்மாய்டல் துளைகளைப் பற்றி ஒரு சந்தேகம். பாடத்தில் வருவது நமக்கெல்லாம் மனப்பாடம்: முன் லாக்ரிமல் கிரெஸ்டிலிருந்து (கண்ணீர்ப்பைக் குழியின் முன்விளிம்பு) 24 மி.மீ. பின்னால் முன் எத்மாய்டல் துளை, அங்கிருந்து 12 மி.மீ. போனால் பின் எத்மாய்டல் துளை, இன்னும் 6 மி.மீ. போனால் பார்வை நரம்பு போகும் ஆப்டிக் கனால்.

துறையில் உள்ள உலர்ந்த மண்டையோடு ஒன்றில் அளந்து பார்த்தேன். வலப்பக்கம் ஏறக்குறைய இதே கணக்குதான். இடப்பக்கம்தான் குழப்பம். அங்கே மூன்று துளைகள்: 23, 30, 37 மி.மீ. தூரங்களில். நடுவில் இருப்பது ஃபிராண்டல் (நெற்றி) எலும்பும் எத்மாய்டும் சேரும் தையல்கோட்டில் இல்லை, அதற்குச் சற்று மேலே ஃபிராண்டல் எலும்புக்குள் இருக்கிறது. கடைசித் துளைக்கும் ஆப்டிக் கனாலின் விளிம்புக்கும் நடுவே வெறும் 3 மி.மீ.

இதில் எதைப் பின் துளை என்று எடுத்துக்கொள்வது? அதைவிட என்னைப் பயமுறுத்துவது இது: அறுவை மேசையில் 37-இல் ஒரு ரத்தக்குழாயைப் பார்த்து, "இது பின் தமனி, இன்னும் 6 மி.மீ. இருக்கிறது" என்று ஒருவர் கருவியை நகர்த்தினால் என்ன ஆகும்?

---

அனாடமி டீச்சர்

நல்ல கேள்வி. முதலில் அந்த மூன்றும் உண்மையான துளைகளா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உள்சுவரான லாமினா பபிரேசியா அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத எலும்பு. பல கைகள் மாறிய மண்டையோட்டில் அது உடைந்து ஓட்டையாகியிருப்பது மிகவும் சகஜம். உடைந்த ஓட்டையின் ஓரம் கூர்மையாக, பிசிறு பிசிறாக இருக்கும். ரத்தக்குழாய் போன துளையின் ஓரம் உருண்டு வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் அதை நோக்கி ஒரு மெல்லிய பள்ளம் எலும்பின் மேல் ஓடி வரும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்து, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து மெதுவாக உள்ளே விடுங்கள். மண்டையோட்டின் மேல்மூடி கழற்றக்கூடியதாக இருந்தால், இழை எங்கே வெளியே வருகிறது என்று மேலிருந்து பார்க்கலாம். முன் துளையின் கால்வாய் முன்னோக்கியும் நடுக்கோட்டை நோக்கியும் போய், மூக்கின் கூரையாகவும் மூளையின் தரையாகவும் இருக்கும் கிரிப்ரிஃபார்ம் தட்டின் பக்கவாட்டு ஓரத்தில் திறக்கும். பின் துளையின் கால்வாய் அதே தட்டின் பின்மூலைக்குப் பக்கத்தில் போய்ச் சேரும். நடுத்துளை சில சமயம் ஒரு துணைத் தமனியையோ நரம்பையோ கொண்டுபோகும். சில சமயம் எத்மாய்டு எலும்பின் காற்றறையோடு முடிந்துவிடும். இழையைத் திணிக்க வேண்டாம், தானாகப் போகும் அளவுக்கு விட்டால் போதும்.

மூன்றும் உண்மையான துளைகளாக இருந்தால் கடைசியில் இருப்பதுதான் பின் துளை, நடுவில் இருப்பது துணைத்துளை. பின் துளையே இல்லாத கண்குழிகளும் உண்டு. ஒரே மண்டையோட்டில் வலமும் இடமும் ஒத்துப்போகாதது அபூர்வம் அல்ல. தையல்கோட்டுக்கு வெளியே துளை இருப்பதும் நன்றாகப் பதிவான விஷயம்.

எண்களைப் பற்றி இன்னொன்று. கிர்ச்னரும் சகாக்களும் 150 கண்குழிகளைப் பார்த்து 1961-இல் எழுதிய ஆய்விலிருந்து இன்றுவரை பல நாடுகளில் பலர் அளந்திருக்கிறார்கள். ஒருவர் முன் லாக்ரிமல் கிரெஸ்டிலிருந்து அளப்பார், இன்னொருவர் பின் கிரெஸ்டிலிருந்து, வேறொருவர் டாக்ரியான் என்ற எலும்புச் சந்திப்புப் புள்ளியிலிருந்து. இரண்டு கிரெஸ்டுகளுக்கும் நடுவே கண்ணீர்ப்பை உட்காரும் குழியே பல மி.மீ. அகலம். எங்கிருந்து அளந்தார்கள் என்று பார்க்காமல் எண்களை ஒப்பிட்டால், இல்லாத வேறுபாடு இருப்பதுபோலத் தோன்றும்.

---

எண்டோஸ்கோப்

பிஜி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஒரு சின்னத் திருத்தம். 24-12-6 என்பது கண்குழிக்குள்ளிருந்து, எலும்பை மூடும் சவ்வான பெரியாஸ்டியத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவருக்கான கணக்கு. 1921-இல் லிஞ்ச் சொன்ன வெளிக்கீறல் வழியாகப் போனவர்களுக்கு அது வழித்துணையாக இருந்தது. நாம் மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில் போகும்போது அந்த எண்கள் ஒன்றுக்கும் உதவாது. அங்கே முன் எத்மாய்டல் தமனியை எத்மாய்டு கூரையில் தேடுகிறோம். பெரும்பாலும் புல்லா என்ற காற்றறைக்கும் நடு டர்பினேட்டின் (மூக்கினுள் சுருண்ட எலும்பு) பேசல் லமெல்லா என்ற தகட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும்.

கூரையோடு ஒட்டி எலும்புக்கால்வாய்க்குள் போனால் தப்பித்தோம். கண்குழிக்கு மேலே நீளும் சுப்ராஆர்பிட்டல் எத்மாய்டு அறை பெரிதாக இருக்கும் ஆட்களில் தமனி கூரையை விட்டுக் கீழே இறங்கித் தொங்கும். சில சமயம் கால்வாயின் அடிப்பக்க எலும்பே இருக்காது. திசுவைச் சீவி உறிஞ்சும் ஷேவரின் வாய்க்கு நேராக ஒரு தமனி.

அறுந்தால் இரண்டு விதமாக ஆகலாம். மூக்குப் பக்கம் ரத்தம் கொட்டினால் கண்ணுக்குத் தெரியும், பைபோலார் (மின்சாரத்தால் சுடும் கருவி) வைத்து நிறுத்திவிடலாம். அறுந்த முனை சுருங்கிக் கண்குழிக்குள் போய்விட்டால் மூக்கில் ஒரு சொட்டு ரத்தம்கூட வராது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் சேரும், கண் முன்னால் தள்ளும், கல்லாய் இறுகும். என் கருத்தில் இந்தத் துளைகளைப் பற்றி ஒரு பிஜி தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். தூரக் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

---

தியேட்டர் சிஸ்டர்

டாக்டர்கள் பேசும் இடத்தில் நடுவில் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சைனஸ் எண்டோஸ்கோப்பி கேஸ்களுக்கு நின்றிருக்கிறேன். கண்ணை டிரேப்புக்கு வெளியே விடச் சொல்வார்கள். சிலர் மேலே பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி முழுக்க மூடிவிடுகிறார்கள். எது சரி? கண்ணில் நாங்கள் என்னென்ன கவனிக்க வேண்டும்?

---

எண்டோஸ்கோப்

பொறுத்துக்கொள்ள எதுவும் இல்லை சிஸ்டர், நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்ப்பது நீங்கள்தான்.

கண் தெரிய வேண்டும். கருவிழி காயாமல் இருக்கக் களிம்பு போட்டு, இமையின் வெளி ஓரத்தில் மட்டும் ஒளி ஊடுருவும் மெல்லிய டேப் ஒட்டினால் போதும். இமை நீலம் பாரிப்பது, கண் முன்னால் வருவது, விரலால் தொட்டால் மற்றக் கண்ணைவிட இறுக்கமாக இருப்பது, கண்பாப்பா விரிவது – இதில் எதைக் கண்டாலும் சத்தமாகச் சொல்லுங்கள். அறுவை செய்பவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான் இடையிடையே கண்ணை மெதுவாக அழுத்தச் சொல்வேன். அப்போது ஸ்கோப்பில் பக்கச்சுவர் அசைந்தால் லாமினா பபிரேசியா திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கண் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும்.

---

ஆர்பிட் சர்ஜன்

நான் கண்குழிப் பக்கத்திலிருந்து இந்தச் சுவரைப் பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எண்டோஸ்கோப் சொன்னதில் ஒன்றை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்குழிக்குள் ரத்தம் சேர்ந்து பார்வை மங்கினால் நம் கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. ரெட்டினாவுக்கு ரத்த ஓட்டம் முழுக்க நின்றால் சுமார் 90 முதல் 100 நிமிடத்துக்குள் மீளாத சேதம் தொடங்கிவிடும் என்பதைத்தான் எல்லோரும் அளவாக வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் சிடி எடுக்க அனுப்பக் கூடாது. மூக்கில் அடைத்த பேக்கை எடுங்கள், கண்ணின் வெளி ஓரத்தை வெட்டித் திறக்கும் கான்தாட்டமி செய்யுங்கள். தோலை மட்டும் வெட்டிவிட்டு நிறுத்துவதால் பயனில்லை. வெளிக் கான்தல் தசைநாரின் கீழ்க்கிளையை வெட்டி விட வேண்டும். கத்தரிக்கோலின் முனையால் தடவினால் கம்பி போல விறைப்பாகத் தட்டுப்படும் பட்டை அது. வெட்டியதும் கீழ் இமை கண்ணை விட்டுத் தளர்ந்து விலகி வரும். விலகவில்லை என்றால் இன்னும் முழுதாக அறுபடவில்லை. கண் அழுத்தம் குறைக்கும் மானிட்டால், அசெட்டசோலமைடு எல்லாம் கூடவே ஓடட்டும், ஆனால் கான்தாட்டமிக்குப் பதிலாக அல்ல.

இனி துளைகளுக்கு வருகிறேன். உள்சுவர் எலும்புமுறிவானாலும், தைராய்டு கண்நோய்க்கான டிகம்ப்ரெஷனானாலும் (சுவர் எலும்பை எடுத்து இடம் தருவது) நான் கண்ணின் உள்மூலைச் சதையான கேரங்கிள் வழியாகத்தான் போகிறேன். பின் லாக்ரிமல் கிரெஸ்டுக்குச் சற்றுப் பின்னால் பெரியாஸ்டியத்தைத் திறந்து, எலும்போடு ஒட்டியபடி எலிவேட்டரை நகர்த்த வேண்டும். முதல் சில மி.மீ. பெரியார்பிட்டா (கண்குழியின் பெரியாஸ்டியம்) வாழைப்பழத்தோல் மாதிரி சுலபமாக உரிந்து வரும். ஓரிடத்தில் வராது. மேற்பக்கமாக, ஃபிராண்டல் எலும்பும் எத்மாய்டும் சேரும் கோட்டில், பெரியார்பிட்டா ஒரு புள்ளியில் மட்டும் எலும்பைப் பிடித்துக்கொண்டு கூம்பாக இழுபடும். முன் எத்மாய்டல் தமனியும் நரம்பும் உறையோடு சேர்ந்து துளைக்குள் நுழையும் இடம் அது. கூம்பின் மேலேயும் கீழேயும் எலும்பைச் சுத்தமாகக் காட்டிவிட்டுப் பைபோலாரை வையுங்கள், பிறகு வெட்டுங்கள். கண்குழிப் பக்கம் ஒரு சிறு முனை மிஞ்சும்படி வெட்டினால், ரத்தம் கசிந்தாலும் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். துளையோடு ஒட்டி வெட்டினால் எலும்புக்குள்ளிருந்து வரும் கசிவைப் பிடிக்க இடமிருக்காது.

இந்தக் கூம்பைக் கண்டுபிடிக்க நான் ரூலர் வைப்பதில்லை. 24 என்ற எண் மனதில் இருந்தால், 18-ஐத் தாண்டியதுமே கை தானாக வேகத்தைக் குறைக்கும். அந்த எண்ணால் கிடைக்கும் பயன் அவ்வளவுதான், அதுவே பெரிய பயன். மேலும் உலர்ந்த எலும்பில் டிவைடர் வைத்து எடுத்த நேர்க்கோட்டு அளவும், ரிட்ராக்டர் சாய்ந்து நிற்கும் உயிருள்ள கண்குழியில் எடுக்கும் அளவும் ஒன்றாக வராது.

பிஜி கேட்ட கடைசிக் கேள்விக்கு என் பதில்: மூன்று எண்களில் 6-ஐ மட்டும் ஒருபோதும் நம்பாதீர்கள். முன் துளையின் இடத்தில் இரண்டு மூன்று மி.மீ. தவறினால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், அவ்வளவே. பின் துளைக்கு அப்பால் அதே இரண்டு மூன்று மி.மீ. என்பது பார்வை நரம்பு. பின் தமனியைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடுவது என் வழக்கம். டிகம்ப்ரெஷனுக்கும் அதுவே என் பின் எல்லை. மோனோபோலாரை அந்தப் பக்கமே கொண்டுபோவதில்லை.

---

அனாடமி டீச்சர்

டாக்டர் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஒரு இடத்தைத் தவிர. 6-ஐ நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கும்போது, மாணவர்கள் அதை "இன்னும் குறைவாக இருக்கலாம்" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "அதிகமாகவும் இருக்கலாம்" என்று எடுத்துக்கொண்டால் வினை. அளவுகள் இரண்டு பக்கமும் மாறுகின்றன. அறுவை செய்பவருக்கு ஒரு பக்கம்தான் முக்கியம்.

குழந்தைகளுக்கு இந்த எண்கள் எதுவுமே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மண்டையோடு வளர வளரத் தூரங்களும் வளர்கின்றன. எத்மாய்டு அறைகளில் அழற்சி (எத்மாய்டிடிஸ்) வந்து கண்குழிச் சுவரோரம் சீழ் கட்டும் கேஸ்களில் பலர் குழந்தைகள். அந்தச் சீழ் உள்ளே வரும் வழிகளில் இந்தத் துளைகளும் உண்டு, அவற்றின் வழியே போகும் வால்வு இல்லாத சிரைகளும் உண்டு.

---

இரண்டாமாண்டு பிஜி

மிக்க நன்றி. இரண்டு விஷயம் இன்னும் தெளிவாகவில்லை.

ஒன்று, தையல்கோடுதான் மேல் எல்லை, அதற்கு மேலே போனால் மூளை என்கிறார்கள். நான் பார்த்த நடுத்துளை கோட்டுக்கு மேலே இருக்கிறதே, அப்போது எல்லை எங்கே?

இரண்டு, மூக்கில் ரத்தம் நிற்காத நோயாளிக்கு ஆஞ்சியோ செய்து, துகள் விட்டு ரத்தக்குழாயை அடைத்து எம்போலைஸ் செய்கிறார்களே, முன் எத்மாய்டல் தமனிக்கும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது? கண்குழியைத் திறக்க வேண்டியதே இருக்காதே.

---

எண்டோஸ்கோப்

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். மூக்கின் பின்பகுதிக்கு ரத்தம் தரும் ஸ்ஃபீனோபாலடைன் தமனி வெளிக் கரோட்டிடிலிருந்து வருவது, அதனால் அதை எம்போலைஸ் செய்யலாம். எத்மாய்டல் தமனிகள் இரண்டும் ஆஃப்தால்மிக் தமனியின் கிளைகள், அதாவது உள் கரோட்டிட். ரெட்டினாவுக்குப் போகும் மையத் தமனியும் அதே ஆஃப்தால்மிக்கிலிருந்துதான் பிரிகிறது. அங்கே விடும் துகள் வழிதவறினால் மூக்கு ரத்தம் நிற்கும், பார்வை போய்விடும். அதனால்தான் இதை இன்றும் கையால் கட்டுகிறோம்.

நடைமுறையில் முதலில் ஸ்ஃபீனோபாலடைன். அதற்கும் நிற்காமல் ரத்தம் மூக்கின் மேற்பகுதியிலிருந்து வருகிறது என்றாலோ, முகத்தில் அடிபட்டு எத்மாய்டு உடைந்திருந்தாலோ முன் எத்மாய்டல். பின் எத்மாய்டலைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அது சிறியது, கட்டிக் கிடைக்கும் லாபமும் சிறியது, பக்கத்தில் இருக்கும் நரம்போ ஈடு செய்ய முடியாதது.

---

கோரோனல் கட்

முதல் கேள்விக்கு ரேடியாலஜியிலிருந்து பதில். தையல்கோடு கிரிப்ரிஃபார்ம் தட்டின் மட்டத்தை *ஏறக்குறைய* காட்டுகிறது, எல்லா நோயாளிக்கும் துல்லியமாக அல்ல. தட்டு சிலருக்குக் கோட்டைவிடத் தாழ்வாகவே கிடக்கும். ஆகவே கோட்டுக்குக் கீழே வேலை செய்கிறோம் என்பதாலேயே டியூரா (மூளையுறை) பத்திரம் என்று முடிவு கட்ட முடியாது. இதை மண்டையோட்டுச் சுவரில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அந்த நோயாளியின் சிடியில்தான் பார்க்க வேண்டும்.

மெல்லிய கட்டில் எடுத்த கோரோனல் படங்களை (முகத்துக்கு இணையான வெட்டுகள்) முன்னிருந்து பின்னாக ஓட்டுங்கள். கண்கோளத்தின் பின்பாதி வரும் இடத்தில், மேல் சாய்தசைக்கும் உள் நேர்தசைக்கும் நடுவே, உள்சுவரில் ஒரு சிறு எலும்புக்கூர் மூக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். முன் எத்மாய்டல் தமனி துளைக்குள் நுழையும் இடம் அது. அங்கே நின்று மூன்று விஷயம் பாருங்கள். கூரையோடு ஒட்டியிருக்கிறதா, கீழே காற்றறை தெரியத் தொங்குகிறதா? இரண்டு பக்கமும் ஒரே மட்டமா? கிரிப்ரிஃபார்ம் தட்டு கிடக்கும் ஆல்ஃபாக்டரி குழியின் ஆழம் என்ன?

கடைசியில் சொன்னதைத்தான் கெரோஸ் 1962-இல் வகைப்படுத்தினார்: 1 முதல் 3 மி.மீ. முதல் வகை, 4 முதல் 7 இரண்டாவது, 8 முதல் 16 மூன்றாவது. குழி ஆழமாக ஆக, குழியின் பக்கச்சுவரான பக்கவாட்டு லமெல்லா உயரமாகிறது. மண்டையோட்டின் அடித்தளத்திலேயே மிக மெல்லிய எலும்பு அது. முன் எத்மாய்டல் தமனி அதைத் துளைத்துக்கொண்டுதான் மூளைப்பக்கம் நுழைகிறது. அதனால் தமனி நுழையும் அந்த இடம் சிஎஸ்எஃப் (மூளைநீர்) கசிவுக்கும் இலகுவான இடம். அங்கே பைபோலாரைக்கூட நடுக்கோட்டுப் பக்கம் கொண்டுபோய் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

எண்டோஸ்கோப்

அதே. தமனியைக் கண்குழிப் பக்கமாக, லாமினாவுக்கு அருகில் பிடிப்பதுதான் முறை. லமெல்லாவை ஒட்டிக் காய்ச்சினால் தமனி அடைபடும், ஆனால் மேலே டியூராவில் ஓட்டை விழும்.

---

ஸ்கல் பேஸ்

நரம்பறுவையிலிருந்து ஒரு சேர்க்கை. ஆல்ஃபாக்டரி குழியின் மெனிஞ்சியோமாக்களுக்கு (மூளையுறைக் கட்டிகள்) ரத்தம் பெரும்பாலும் இந்த எத்மாய்டல் தமனிகளிலிருந்தே வருகிறது. கட்டியைத் தொடுவதற்கு முன்பே அவற்றை அடைத்துவிட்டால் அறுவை முழுக்க ரத்தம் குறையும். எம்போலைஸ் செய்ய முடியாத காரணம் மேலே சொன்னதுதான். ஆகவே உங்களுக்கு மூக்கு ரத்தப் பிரச்சினையாக இருக்கும் அதே இரண்டு துளைகள் எங்களுக்குக் கட்டியின் வாசல்.

உள்சுவரையே பேசிக்கொண்டிருக்கிறோம், வெளிச்சுவரில் ஒரு துளையைப் பிஜி தன் மண்டையோட்டில் தேடிப் பார்க்கலாம். மேல் ஆர்பிட்டல் பிளவின் மேல்-வெளி முனைக்குச் சற்று முன்னால், கிரேனியோ-ஆர்பிட்டல் துளை. எல்லோருக்கும் இருக்காது. இருந்தால் அதன் வழியே மூளையுறைக்குப் போகும் நடு மெனிஞ்சியல் தமனியின் கிளை ஒன்று வந்து லாக்ரிமல் தமனியோடு சேர்கிறது. வெளிச்சுவரில் பெரியார்பிட்டாவை ஆழமாக உரிக்கும்போது எதிர்பாராமல் ரத்தம் வருவது சில சமயம் இதிலிருந்துதான்.

---

ஆர்பிட் சர்ஜன்

ஆமாம், எக்ஸென்டரேஷனிலும் (கண்குழியில் உள்ளதை முழுதும் அகற்றுவது) ஆழமான வெளிச்சுவர் டிகம்ப்ரெஷனிலும் அதைச் சந்திக்கிறேன். வெறும் ரத்தக்கசிவு என்றால் போன் வாக்ஸ் (எலும்பு மெழுகு) போதும்.

ஆனால் அந்த இணைப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். சிலருக்கு ஆஃப்தால்மிக் தமனியே நடு மெனிஞ்சியலிலிருந்து வருகிறது, இல்லையா?

---

ஸ்கல் பேஸ்

உண்டு, அபூர்வம்தான். அந்த ஆளுக்கு ரெட்டினாவின் ரத்தமே வெளிச்சுவர் வழியாக வருகிறது. அதனால்தான் நடு மெனிஞ்சியலை எம்போலைஸ் செய்யும் முன் ஆஞ்சியோவில் கண்கோளத்தின் பின்பக்கம் கோரொய்டல் ப்ளஷ் (கண்ணின் ரத்தப்படலம் நிறைவது) தெரிகிறதா என்று தேடுகிறோம். தெரிந்தால் அந்த இடத்திலிருந்து எதையும் செலுத்துவதில்லை.

---

தியேட்டர் சிஸ்டர்

ஒரே ஒரு கேள்வி. கான்தாட்டமிக்கு எங்கள் தியேட்டரில் தனி செட் கிடையாது. சைனஸ் கேஸ் நடக்கும்போது என்ன எடுத்து வைத்தால் போதும்?

---

ஆர்பிட் சர்ஜன்

நேரான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் ஒன்று, முனை மழுங்கிய நேர்க் கத்தரிக்கோல் ஒன்று, பல்லுள்ள ஃபோர்செப்ஸ் ஒன்று, அட்ரினலின் கலந்த லிக்னோகைன் ஒரு சிரிஞ்ச். ஸ்டெரைலாகக் கட்டி, சைனஸ் டிராலியின் கீழ்த்தட்டில் எல்லாக் கேஸுக்கும் வையுங்கள் சிஸ்டர். தேவைப்படும்போது யாரும் ஸ்டோர் ரூமுக்கு ஓடக் கூடாது.